நாலு ஆசிரியர், 120 பிள்ளைகள்

'அமைதியான மாணவன். இன்னும் கொஞ்சம் முயற்சி எடுத்தால் நன்றாக வருவான்.'

ஒரு பையனின் ரிப்போர்ட் கார்டில் இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு நாள் கழித்து அவனுடைய அம்மா அந்த அட்டையை எடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றார். சண்டை போட வரவில்லை. "மிஸ், இவன் உடம்பு சரியில்லாம மூணு வாரமா வீட்லதான் இருக்கான். லெட்டர் ஆபீஸ்ல குடுத்துட்டேன். அமைதியா இருந்தான்னு எழுதியிருக்கீங்களே, அதான் கேக்கலாம்னு வந்தேன்" என்றார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. குழப்பம்தான் இருந்தது.

அட்டெண்டன்ஸ் எடுத்து பார்த்தேன். அந்த மூன்று வாரமும் அவன் பெயருக்கு நேரே ஆப்சென்ட் போட்டிருப்பது என் கைதான். தினமும் பெயரைக் கூப்பிட்டிருக்கிறேன், பதில் வராததைக் கேட்டிருக்கிறேன், அடுத்த பெயருக்குப் போயிருக்கிறேன். அவனுக்குப் பாடம் எடுத்த மற்ற ஆறு பேரும் இதையேதான் செய்திருக்கிறார்கள். ஏழு பேர் தனித்தனியாகப் பார்த்ததை ஒன்றாகக் கூட்டிப் பார்க்க அந்தப் பள்ளியில் ஆள் இல்லை.

1,900 பேர் படிக்கிற மேல்நிலைப் பள்ளி அது. நான் கணித ஆசிரியை. அப்போது மூன்று வகுப்புகளில் ஐந்து செக்‌ஷன், ஒவ்வொன்றிலும் 42 பேர், மொத்தம் 210 பிள்ளைகள். அந்த அம்மா வந்துபோன பிறகு ஒரு நாள் மாலை உட்கார்ந்து எண்ணினேன்: இந்த 210 பேருக்கும் என்னைத் தவிர எத்தனை ஆசிரியர்கள் பாடம் எடுக்கிறார்கள்? 31 பேர். ஒரு பிள்ளையைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்தால் இந்த 31 பேரில் யாரைத் தேடுவது, எந்த பீரியடில் தேடுவது? தேடமாட்டோம். அதுதான் நடந்தது.

பெரிய பள்ளியைத் திட்டுவது சுலபம். ஆனால் அது காரணமில்லாமல் வரவில்லை. ஹார்வர்டின் தலைவராக இருந்த ஜேம்ஸ் கோனன்ட், 1959இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றிய தன் அறிக்கையில், இறுதி வகுப்பில் 100 பேராவது இல்லாத பள்ளியால் நல்ல அறிவியல் பாடத்தையும் மொழிப் பாடங்களையும் தாங்கி நடத்த முடியாது என்று வாதிட்டார். அதில் நியாயம் இருக்கிறது. மூன்று லேப், விரும்பிய விருப்பப்பாடம், நாலு விதமான விளையாட்டு எல்லாம் எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்தது பள்ளி பெரியதாக இருந்ததால்தான். இன்னொரு பக்கம், ரோஜர் பார்க்கர், பால் கம்ப் என்ற இரண்டு உளவியலாளர்கள் கான்சஸ் மாநிலப் பள்ளிகளில் செய்த ஆய்வு 1964இல் வந்தது. பெரிய பள்ளியில் வாய்ப்புகள் அதிகம், ஆனால் பங்கெடுக்கிற பிள்ளைகளின் விகிதம் சின்னப் பள்ளியில்தான் அதிகம் என்றது அது. நாடகம் போட 12 பேர் வேண்டும், வகுப்பில் இருப்பதே 20 பேர் என்றால் கூச்சப்படுகிற பிள்ளையையும் இழுத்துத்தான் ஆகவேண்டும். 400 பேர் இருந்தால் கூச்சப்படுகிறவன் கடைசி வரை பார்வையாளன்தான்.

இந்த இரண்டையும் சேர்க்க முடியுமா என்பதுதான் 'பெரிய பள்ளிக்குள் சின்னப் பள்ளி' என்ற யோசனை. புதிதாக வந்த தலைமையாசிரியர் அதைக் கொண்டுவந்தார். ஒன்பதாம் வகுப்பின் 360 பேரை மூன்று குழுவாகப் பிரிப்பது. குழுவுக்கு 120 பேர், மூன்று செக்‌ஷன். மொழி, கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என நாலு பாடத்துக்கும் அந்த 120 பேருக்கு அதே நாலு ஆசிரியர்கள்தான். வாரம் இரண்டு பீரியட் நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு. உட்கார்ந்து பேசுவதற்கு. ஏன் ஒன்பதிலிருந்து என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் சரியாகவே இருந்தது: சின்னப் பள்ளியிலிருந்து பெரிய கட்டடத்துக்குப் பிள்ளைகள் வருகிற வருடம் அது, தொலைந்துபோவது அப்போதுதான் தொடங்குகிறது.

எங்களில் பாதிப் பேருக்கு இது பிடிக்கவில்லை. எனக்கும்தான். வேலை கூடும் என்று நினைத்தேன்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். என் பிள்ளைகளின் எண்ணிக்கை குறையவில்லை. குழுவில் 120, அது தவிர பதினோராம் வகுப்பில் இரண்டு செக்‌ஷன், ஏறக்குறைய 200 பேர். புதிதாக ஆசிரியர் நியமனம் இல்லை, புதுக் கட்டடம் இல்லை. தியடோர் சைசர் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1984இல் தொடங்கிய பள்ளிக் கூட்டமைப்பு, ஓர் ஆசிரியரிடம் 80 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பதை இலக்காக வைத்திருந்தது. அந்த 80 எங்களுக்குக் கனவு. மாறியது ஒன்றுதான். என் 120 பேரைப் பற்றிக் கேட்க 31 பேரைத் தேடவேண்டியதில்லை, மூன்று பேர் போதும். அந்த மூன்று பேரும் பக்கத்து மேசையில் இருந்தார்கள்.

முதல் வருடம் சொதப்பினோம். அலுவலகத்தில் டைம்டேபிள் போட்டவர் வசதிக்காக, மற்றவர்களைவிடக் கடினமான உயர்நிலைக் கணிதம் எடுத்த பிள்ளைகள் எல்லோரையும் ஒரே குழுவில் போட்டுவிட்டார். அந்தப் பீரியடை ஒரே இடத்தில் வைத்தால் அவருக்கு வேலை மிச்சம். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஆனால் மூன்றாம் மாதத்துக்குள் பிள்ளைகள் குழுக்களுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். முதல் குழு 'ராக்கெட்'. இரண்டாவது 'பாசஞ்சர்'. மூன்றாவது, என் குழு, தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயர் 'லக்கேஜ்'. பின்பெஞ்சில் ஒருவன் டெஸ்க்கில் காம்பஸ் முனையால் அதைச் செதுக்கியே வைத்திருந்தான், அழகான எழுத்தில். என்னைப் பார்த்ததும், "நம்மளத் தூக்கிட்டுதான் போகணும் மிஸ், நாமளா நடக்க மாட்டோம்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வருடம் அதைத் திருத்தினோம். மூன்று குழுவிலும் எல்லா நிலைப் பிள்ளைகளும் கலந்து இருக்கும்படி பிரித்து, உயர்நிலைக் கணிதத்துக்கு மட்டும் மூன்று குழுவுக்கும் ஒரே பீரியடை ஒதுக்கினோம். அந்த ஒரு பீரியடுக்குப் பிள்ளைகள் வெளியே போய்விட்டுத் திரும்ப வந்துவிடுவார்கள். சிறு குழு தொடங்க நினைக்கிற யாராக இருந்தாலும் முதலில் உட்கார வேண்டியது டைம்டேபிள் போடுகிறவர் பக்கத்தில்தான். நோக்கம், கொள்கை என்று பக்கம் பக்கமாக எழுதலாம். விருப்பப்பாடம் எந்த பீரியடில் விழுகிறது என்பது அதையெல்லாம் ஒரே நாளில் அழித்துவிடும்.

அப்புறம் அந்தக் கூட்டங்கள். ஆரம்பத்தில் அவை வெறும் புலம்பல். வாரம் இரண்டு முறை நாலு பேர் உட்கார்ந்து அதே ஆறு பையன்களைப் பற்றிப் பேசிவிட்டு டீ குடித்துவிட்டு எழுந்தோம். அந்த ஆறு பேரைப் பற்றி எங்களுக்கு எல்லாமே தெரியும், மீதி 114 பேரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அறிவியல் சார்தான் ஒரு நாள் கடுப்பாகி ஒரு தாளில் கோடு போட்டார். மூன்று பத்தி: பெயர், பார்த்தது என்ன, யார் எப்போதுக்குள் என்ன செய்வது. அட்டெண்டன்ஸ் வரிசைப்படி கூட்டத்துக்குப் பத்துப் பெயர். பிரச்சினை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பத்துப் பேரைப் பற்றித்தான் பேச வேண்டும். 12 கூட்டத்தில், அதாவது ஆறு வாரத்தில் 120 பேரும் ஒரு சுற்று வந்துவிடுவார்கள்.

அந்தத் தாள் எங்களை எப்படி மாற்றியது என்பதற்கு ஒரு பிள்ளையைச் சொல்கிறேன். மூன்றாவது கூட்டமோ நாலாவதோ. என் வகுப்பில் வீட்டுப்பாடத்தை ஒரு நாள் தவறாமல் முடித்துவரும் பெண். எழுத்தும் சுத்தம், விடையும் சரி. தேர்வில் மட்டும் சுழி. பயத்தில் மறந்துவிடுகிறாள் என்று நானே ஒரு காரணம் வைத்திருந்தேன். அவள் பெயர் வந்ததும் சமூக அறிவியல் சார், "கணக்கு என்றால் அந்தப் பெண்ணுக்கு உயிர் மேடம். என் வகுப்பில்கூட அதைத்தான் போட்டுக்கொண்டிருப்பாள். ஆர்வமாகச் செய்கிறாளே என்று நான் ஒன்றும் சொல்வதில்லை" என்றார்.

அவர் வகுப்பு இரண்டாவது பீரியட். என்னுடையது மூன்றாவது.

மேசையைச் சுற்றி ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அப்புறம் மொழியாசிரியை சிரிக்க ஆரம்பித்தார், எல்லோரும் சிரித்தோம். பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து அவள் அங்கே எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். அவர் அதை ஆர்வம் என்று நினைத்தார், நான் அதை உழைப்பு என்று நினைத்தேன். கூப்பிட்டுப் பேசினேன். பின்னம் என்பதே அவளுக்குப் புரிந்திருக்கவில்லை. 1/3 பெரிதா 1/4 பெரிதா என்று கேட்டால் 1/4 என்றாள், ஏனென்றால் நாலு பெரிது. ஆறாம் வகுப்பில் விட்ட இடம் அது. அதன் மேல் மூன்று வருடப் பாடத்தை அடுக்கியிருக்கிறோம். வாரம் மூன்று நாள் இருபது நிமிடம், ஒரு தாளை மடித்து மடித்துக் கிழித்து, முதலிலிருந்து தொடங்கினோம். சமூக அறிவியல் சார் தன் வகுப்பில் அவளை முதல் வரிசைக்கு மாற்றினார். அவ்வளவுதான் செய்தோம். அவள் கணித மேதை ஆகிவிடவில்லை. வருட இறுதியில் தேறினாள், சொந்தமாகப் போட்ட கணக்கில்.

பழைய ஏற்பாட்டில் இது எப்போது தெரிந்திருக்கும்? தெரிந்தே இருக்காது. இரண்டு பேரும் அந்தப் பெண்ணைப் பற்றி நல்ல அபிப்பிராயத்தோடு வருடத்தை முடித்திருப்போம்.

இட விஷயம் நான் நினைத்ததைவிடப் பெரிது. மூன்று செக்‌ஷனும் ஒரே வராந்தாவில், எங்கள் நாலு மேசையும் அதன் முனையில் இருந்த பழைய ஸ்டோர் ரூமில். பிள்ளைகள் குழு எண்ணை விட்டுவிட்டுப் படிக்கட்டின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்கள், 'நான் கிழக்குப் படி' என்று. 'லக்கேஜ்' போய்க் 'கிழக்குப் படி' வந்ததில் எனக்கு ரொம்ப நிம்மதி. ஒரே வராந்தா என்பதால் பீரியட் மாறும்போது நடக்கிற நெரிசல், தள்ளுமுள்ளு, 'எங்கேடா சுத்திட்டு வர்றே' எல்லாம் குறைந்தது. மூன்று நாள் ஒருவன் வராவிட்டால் நாலாம் நாள் வீட்டுக்குப் போன் போனது. போட்டது பெரும்பாலும் மொழியாசிரியை, அவருக்கு அந்தக் குரல் இருக்கிறது. அட்டெண்டன்ஸ்தான் முதலில் மாறியது. மதிப்பெண் அல்ல.

இதைத் தலைமையாசிரியரிடம் விளக்குவது பெரும்பாடாக இருந்தது. வருட முடிவில் அவர் கேட்டது ஒரே கேள்வி: "மார்க் எங்கே?" எங்களிடம் பெரிதாகக் காட்ட ஒன்றும் இல்லை. பிறகு இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோதுதான் இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை என்று தெரிந்தது. பில் கேட்ஸின் அறக்கட்டளை 2000 முதல் அமெரிக்காவில் சிறு பள்ளிகளுக்குப் பெரும் பணம் செலவழித்தது. 2009இல் அவரே தன் ஆண்டுக் கடிதத்தில், பணம் போட்ட பல பள்ளிகளில் பிள்ளைகளின் தேர்ச்சி குறிப்பிடும்படி உயரவில்லை என்று எழுதினார். சின்னதாக வெட்டினால் மட்டும் போதாது, உள்ளே நடப்பதும் மாற வேண்டும் என்பது அந்த அனுபவம்.

கணக்கு டீச்சராக ஒரு இடைச்செருகல். மதிப்பெண் பட்டியலில் முதல் இடங்களில் சின்னப் பள்ளிகள் நிறைய இருப்பதைப் பார்த்து, 'பார், சின்னதுதான் சிறந்தது' என்பார்கள். ஹோவர்ட் வெய்னர் என்ற புள்ளியியலாளர் பட்டியலைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். கடைசி இடங்களிலும் சின்னப் பள்ளிகள்தான் நிறைய. காசை 10 தடவை சுண்டினால் எட்டுத் தலை விழலாம், 1,000 தடவை சுண்டினால் 800 தலை விழாது. சின்ன எண்ணிக்கையில் ஏற்ற இறக்கம் அதிகம், அதற்கும் கற்பித்தலுக்கும் சம்பந்தம் இல்லை. எனவே உங்கள் குழு ஒரு வருடம் முதலில் வந்தால் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள்.

நம்பத்தகுந்த ஆய்வு என்றால் நியூயார்க்கில் நடந்ததைச் சொல்லலாம். 2002க்கும் 2008க்கும் இடையே அந்த நகரம் சரியாக நடக்காத 20க்கு மேற்பட்ட பெரிய பள்ளிகளை மூடி, 200க்கு மேற்பட்ட புதுப் பள்ளிகளைத் திறந்தது. பெரும்பாலானவை சிறியவை, பழைய பெரிய கட்டடத்தையே பகிர்ந்துகொண்டவையும் உண்டு. இடத்துக்குப் போட்டி இருந்த பள்ளிகளில் குலுக்கல் முறையில் சேர்த்தார்கள். அதனால் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. 2010இல் எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம் வெளியிட்ட முடிவில், நாலு வருடத்தில் பள்ளிப்படிப்பை முடித்தவர்கள் சிறு பள்ளிகளில் 68.7 சதவீதம், மற்றவர்களில் 61.9. அதே நிறுவனம், பெரிய பள்ளிக்குள்ளேயே ஒரு தொழில் துறையை மையமாக வைத்து நடத்தப்படும் 'கரியர் அகாடமி'களையும் ஆராய்ந்தது. பிலடெல்ஃபியாவில் 1969இல் தொடங்கிய முறை அது. தேர்வு மதிப்பெண்ணில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் பள்ளியை விட்டு எட்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, அங்கே படித்தவர்களின் சராசரி வருமானம் 11 சதவீதம் கூடுதலாக இருந்தது. இந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்துத் தலைமையாசிரியர் மேசையில் வைத்தேன். படித்தாரா என்று கேட்கவில்லை. ஆனால் அந்த வருடம் குழுவைக் கலைக்கவில்லை.

சரி, கெட்டதையும் சொல்ல வேண்டும். சின்ன இடத்தில் ஒளிந்துகொள்ள இடம் இல்லை. இரண்டு தோழிகளுக்குள் சண்டை வந்து, வகுப்பே ஒரு பெண்ணோடு பேச்சை நிறுத்தியது. பெரிய பள்ளியின் கூட்டத்தில் அவள் வேறு நட்பைத் தேடிக்கொண்டிருப்பாள். இங்கே காலையிலிருந்து மாலை வரை அதே முகங்கள், அதே மௌனம். அவளை வேறு குழுவுக்கு மாற்றச் சொல்லி வீட்டில் கேட்டார்கள். 'நாங்கள் சரிசெய்துவிடுவோம்' என்று நாங்கள் இரண்டு மாதம் பிடிவாதம் பிடித்தோம். சொல்லப்போனால் அது எங்கள் குழுவின் கௌரவப் பிரச்சினை ஆகிவிட்டது. கடைசியில் மாற்றினோம். மாற்றிய பத்தாம் நாள் மேற்குப் படியில் இரண்டு பெண்களோடு சிரித்துக்கொண்டே இறங்கி வந்தவள், என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். அது எனக்குத் தேவைதான்.

இன்னொன்று, நாலு பேரும் ஒரே கண்ணாடியை மாட்டிக்கொள்கிற ஆபத்து. ஒரு கூட்டத்தில் ஒருவர் 'அவன் பொய் சொல்லுவான்' என்றார். அடுத்த வாரத்திலிருந்து நாலு வகுப்பிலும் அவன் பொய்யன். பழைய ஏற்பாட்டில் ஒருவரிடம் கெட்ட பெயர் எடுத்தவன் இன்னொருவரிடம் புதிதாகத் தொடங்கலாம். அதனால்தான் தாளில் இரண்டாவது பத்தியின் தலைப்பு 'பார்த்தது என்ன' என்று இருக்கிறது. 'செவ்வாய்க்கிழமை நோட்டு வீட்டில் இருக்கிறது என்றான், பையில் இருந்தது' என்று எழுதலாம். 'பொய்யன்' என்று எழுதக் கூடாது. இதைக் கடைப்பிடிப்பது கஷ்டம். நாங்களும் அடிக்கடி தவறுகிறோம்.

எனக்கு நஷ்டமும் உண்டு. கணித ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே அறையில் இருந்த காலத்தில், ஒரு தேற்றத்தை எப்படித் தொடங்குவது என்று சாப்பாட்டு நேரத்தில் வாய்ச்சண்டை போடுவோம். இப்போது அவர்களை மாதம் ஒருமுறை பார்த்தால் அதிகம். பிள்ளைகளைப் பற்றிக் கூடுதலாகத் தெரிந்துகொண்டேன், கணிதத்தைப் பற்றிப் பேச ஆள் குறைந்துவிட்டது. இதற்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

உங்கள் பள்ளியில் இப்படி ஒன்றைத் தொடங்கப் போகிறார்கள் என்றால், பெயர், சின்னம், டி-ஷர்ட் பற்றிய கூட்டத்துக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை. அந்த வாரத்து இரண்டு பீரியட் எழுத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். யாராவது லீவு போட்டால் அந்தப் பீரியடில்தான் சப்ஸ்டிட்யூஷனுக்கு ஆள் தேடுவார்கள். ஒரு மாதம் அப்படி விட்டுக்கொடுத்தால் அப்புறம் அது ஓய்வு பீரியட்கூட இல்லை. முடிந்தால் அதே குழுவோடு அடுத்த வருடமும் போங்கள். இரண்டாம் வருடத்தில் முதல் மாதம் பெயர் கற்றுக்கொள்வதில் வீணாகாது. பெற்றோருக்கு ஒரே ஒரு போன் நம்பர் கொடுங்கள், நாலு பேரில் யாராவது ஒருவருடையது. அந்தப் பையனின் அம்மா கொடுத்த லெட்டர் ஆபீஸிலேயே எங்கேயோ கிடந்தது, நினைவிருக்கட்டும்.

போன வாரம் இந்த வருடத்து டைம்டேபிள் வந்தது. எங்கள் இரண்டு பீரியடில் ஒன்றைக் காணோம், அந்த இடத்தில் எனக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. அறிவியல் சார் தாளை மேசைமேல் விரித்துவைத்து, தன் பேனாவால் எதை எங்கே நகர்த்தலாம் என்று அம்புக்குறி போட்டுக்கொண்டிருக்கிறார். திங்கள்கிழமை முதல் பீரியடுக்கு முன்னால் நாலு பேருமாகத் தலைமையாசிரியர் அறைக்குப் போவதாக இருக்கிறோம்.